ஒன்பது என்னும் எண்: அரபுப் பெண்களின் பூப்பு வயதும் ஒரு பிழையான வாசிப்பும்

அரபுப் பெண்களின் பூப்பு வயதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒன்பது என்னும் எண்ணில் வந்து நிற்கிறது. இஸ்லாமியச் சட்ட நூல்களில் அவ்வெண் உண்டு, ஐயமில்லை. அது அங்கே எப்பொருளில் ஆளப்படுகிறது என்பதே ஆராயத்தக்கது.

எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளின் சட்ட அறிஞர்கள் சராசரி வயதைத் தேடியவர்கள் அல்லர். ஒரு சிறுமியிடம் காணும் உதிரம் மாதவிடாயா, நோயா என்று முடிவுசெய்ய அவர்களுக்கு ஒரு கீழெல்லை வேண்டியிருந்தது. தொழுகை, நோன்பு, மணமுறிவுக்குப் பின்னான இத்தாக் காலம் ஆகிய மூன்றும் அம்முடிவைச் சார்ந்தவை. அக்கீழெல்லையாகப் பெரும்பாலோர் ஒன்பதைக் கொண்டனர். கி.பி. 820இல் மறைந்த இமாம் ஷாஃபிஈ, தாம் கேள்வியுற்ற பெண்களுள் மிக விரைவாகப் பூப்பெய்துவோர் திஹாமாப் பெண்களே என்றும், அவர்கள் ஒன்பதில் பூப்பெய்துவர் என்றும் கூறியதாக மரபு பதிவுசெய்கிறது. திஹாமா என்பது செங்கடலை ஒட்டிய வெப்பமான கரைநிலம். 'மிக விரைவாக' என்னும் அடையே இக்கூற்றின் பொருளைத் தீர்மானிக்கிறது. சுட்டப்படுவது பொதுநிலை அன்று; விளிம்பு.

மேலெல்லையும் இருந்தது. உடற்குறி எதுவும் தோன்றாத பெண்ணை எவ்வயதில் பருவமடைந்தவளாகக் கொள்வது என்ற வினாவுக்கு அபூஹனீஃபா 17 என்றார். ஷாஃபிஈ 15 என்றார். 19ஆம் நூற்றாண்டில் உதுமானியப் பேரரசு தொகுத்த மஜல்லா சட்டம், பெண்ணின் பருவத் தொடக்கத்தை 9 என்றும் முடிவெல்லையை 15 என்றும் வகுத்தது. ஆக, மரபு தந்தது ஒற்றை எண் அன்று, ஓர் இடைவெளி.

அவ்விடைவெளியை ஐரோப்பியச் சிந்தனை பொருட்படுத்தவில்லை. 1748இல் மோன்டெஸ்கியூ, வெப்ப நாடுகளில் பெண்கள் எட்டு, ஒன்பது, பத்து வயதிலேயே மணத்துக்கு உரியவராகின்றனர் என எழுதினார். சட்டத்தின் விளிம்பு இவ்வாறு தட்பவெப்பத்தின் இயற்கையாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் மான்செஸ்டர் மருத்துவர் ஜான் ராபர்ட்டன், இந்தியா உள்ளிட்ட பல நாடுகளின் தரவுகளைத் திரட்டி இதை மறுத்தார். இளமை மணத்துக்குக் காரணம் வழக்கமே, வெப்பம் அன்று என்பது அவர் வாதம். பூப்பு வயதை ஊட்டமும் உடல்நலமும் பெரிதும் மாற்றுகின்றன என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதிப்படுத்தின.

மகப்பேற்றின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. 1917ஆம் ஆண்டின் உதுமானியக் குடும்பச் சட்டம் மண வயதை ஆணுக்கு 18, பெண்ணுக்கு 17 என நிறுவியது. இவை அபூஹனீஃபாவின் மேலெல்லைகளோடு பொருந்துபவை. அவ்வயதுக்கு முன் மணம் செய்ய நீதிபதியின் இசைவு வேண்டும். ஒன்பது வயது நிரம்பாத சிறுமியை எவரும் மணம் செய்து கொடுக்க இயலாது. 1923இல் எகிப்து, 16 வயது நிரம்பாத பெண்ணின் திருமணத்தைப் பதிவுசெய்யத் தடை விதித்தது. துனீசியா பெண்ணின் மண வயதை 1956இல் 15 என்றும், 1964இல் 17 என்றும், 2007இல் 18 என்றும் உயர்த்தியது. 1960களின் தொடக்கத்தில் அங்கே ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஏழு மகவுகள். 2000ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ இரண்டு. இச்சரிவுக்குப் பூப்பு வயது காரணமன்று. பிந்திய மணமும் கல்வியும் கருத்தடையுமே காரணங்கள். முதல் உதிரத்துக்கும் முதல் மகவுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளை நீட்டுவதும் குறுக்குவதும் உடலைவிடச் சமூகமே.

இது பழங்கதை அன்று. திஹாமாவின் தென்பகுதி இன்று யமனில் உள்ளது. 1999இல் யமன் தன் குறைந்தபட்ச மண வயதான 15ஐச் சட்டத்திலிருந்து நீக்கியது; எண் இருந்த இடத்தில் சிறுமியின் உடல் தகுதி வைக்கப்பட்டது. எண்ணை நீக்கினால் அத்தகுதியை அளப்பவர் யார் என்ற வினா எழுகிறது. பழைய சட்ட அறிஞர்கள் எல்லைகளை எண்ணால் குறித்ததன் பயன் அங்கேதான் விளங்குகிறது. மரபை மேற்கோள் காட்டுவோர் கீழெல்லையை மட்டும் நினைவில் கொள்வது வாசிப்பின் குறை. அக்குறையின் விலையைத் தருபவர்கள் சிறுமிகள்.