கப்பலேறி வந்த காகமும் விமான ஓடுபாதையும்



மாலை ஆறரை மணிக்குமேல் கிள்ளான் பள்ளத்தாக்கின் வானத்தை அண்ணாந்து பார்த்தால், சுபாங்கை நோக்கி இறங்கும் விமானத்தையும் கூடு திரும்பும் காகக் கூட்டத்தையும் ஒருசேரக் காணலாம். பிரிக்பீல்ட்ஸ் கடைவீதியில் நின்று பார்ப்பவர்களுக்கும் இது பழகிய காட்சியே. இவ்விரண்டும் ஒரே வானத்தைப் பங்கிட்டுக்கொள்ளத் தொடங்கிய வரலாற்றை ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இதனை எழுதுகிறேன்.

“அவ்வளவு பெரிய விமானம் காக்கைக்குப் பயப்படுமா, ஐயா?” என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இதற்குக் கணக்கின் வழியாகவே விடை சொல்லலாம். காகத்தின் எடை ஏறத்தாழ 300 கிராம். விமானம் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபாதையை விட்டு எழும்பும்போது அக்காகம் எதிர்ப்பட்டால், 75 கிலோ எடையுள்ள மனிதர் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஈடான ஆற்றல் ஒரு கையகல இடத்தில் தாக்குகிறது. அந்த இடம் இயந்திரத்தின் சுழலும் தகடாக இருந்துவிட்டால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பறவை என்றால் பெரும்பாலும் விமானம் தாங்கிக்கொள்ளும். கூட்டமாக வந்தால்தான் பேரிடர்.

இனி, காகம் இங்கு வந்த கதைக்கு வருவோம். நம் ஊர்களில் நாம் அன்றாடம் காணும், கழுத்தில் சாம்பல் நிறம் படிந்த காகம் இம்மண்ணுக்கு உரியதன்று. மலாயாவுக்கு உரியது முழுக் கறுப்பான அண்டங்காக்கையே. 1890களில் சிலாங்கூரில் காப்பிப் பயிர் ஓங்கியிருந்தது. கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் கம்பளிப்பூச்சியின் தொல்லை பெருகி, இலைகளையெல்லாம் மொட்டையடித்துவிட்டது. இலங்கையின் காகங்கள் புழுக்களைத் தின்று ஒழிக்கும் என்று எண்ணிய வெள்ளைக்காரத் துரைமார்கள் அவற்றைக் கூண்டிலடைத்துக் கப்பலில் கொண்டுவந்து கிள்ளான் பகுதியில் பறக்கவிட்டனர். இம்முயற்சியைப் பற்றிய கட்டுரை ஒன்று 1903ஆம் ஆண்டில் கொழும்பு அருங்காட்சியகத்தின் ஏட்டில் வெளிவந்தது. அதனை எழுதியவர்களுள் ஒருவர் அப்போதைய மலாய்க் கூட்டரசின் தலைமை ரெசிடெண்டாக இருந்த டிரீச்சர். மற்றொருவர் கேரி என்னும் தோட்டத்துரை. கிள்ளானுக்குத் தெற்கே உள்ள கேரித்தீவு இந்தக் கேரியின் பெயரைத்தான் இன்றும் தாங்கி நிற்கிறது.

காகத்தை நம்பிய காப்பி பிழைக்கவில்லை. விலை சரிந்தது; துரைமார்கள் ரப்பருக்கு மாறினர். காகமோ தங்கிவிட்டது. புழுவைத் தேடித் திரிவதைவிட மனிதர் எறியும் மிச்சத்தைக் கொத்துவது அதற்கு எளிதாயிற்று. துறைமுகம், சந்தை, லயம், சாப்பாட்டுக் கடை என்று மனிதர் போன இடமெல்லாம் பின்தொடர்ந்து, 1940களுக்குள் சிங்கப்பூர்வரை சென்று சேர்ந்துவிட்டது. நம் முன்னோர்கள் கப்பலேறி வந்த அதே காலத்தில், அதே துறைமுகத்தின் வழியாக வந்த பறவை இது என்பதை நினைக்கும்போது எனக்கு அதன்மீது சற்றே உறவுணர்ச்சி தோன்றுவதை மறைக்க மாட்டேன். அமாவாசைக்குச் சோறு வைக்க அதுவும் இல்லாதிருந்தால் நம் பாட்டிமார்கள் என்ன செய்திருப்பார்களோ!

இதே காலத்தில் உலகின் மறுகோடியிலும் இதுபோன்றதொரு செயல் நிகழ்ந்தது. 1890ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் பூங்கா ஒன்றில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட 60 ஸ்டார்லிங் பறவைகள் பறக்கவிடப்பட்டன. மைனாவின் உறவான சிறு பறவை அது. அப்போது விமானம் என்ற ஒன்றே பிறக்கவில்லை.

விமானம் பிறந்த இரண்டாம் ஆண்டிலேயே மோதலும் பிறந்துவிட்டது. ரைட் சகோதரர்களுள் இளையவரான ஆர்வில் ரைட், 1905 செப்டம்பர் 7ஆம் நாள் சோளக்கொல்லைக்கு மேலே பறந்தபோது பறவை ஒன்றின்மீது மோதினார்; இது ரைட் சகோதரர்களின் நாட்குறிப்பில் பதிவாகியுள்ளது. அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு முதன்முதலாக விமானத்தில் பறந்த கால்பிரெய்த் ராட்ஜர்ஸ், 1912 ஏப்ரல் 3ஆம் நாள் கலிபோர்னியக் கடற்கரையில் கடற்காகம் ஒன்று மோதியதால் விழுந்து மாண்டார். ஆயினும் இவற்றையெல்லாம் உலகம் தனிமனிதரின் தீயூழ் என்றே கொண்டது. பறவையை ஓட்டுவது ஒரு துறையாக வளர இன்னும் ஐம்பது ஆண்டுகள் ஆயின.

அதற்கு வழிவகுத்தது பாஸ்டன் விபத்து. 1960 அக்டோபர் 4ஆம் நாள், பாஸ்டன் நகரிலிருந்து எழும்பிய ஈஸ்டர்ன் நிறுவனத்தின் விமானம் ஸ்டார்லிங் கூட்டத்திற்குள் புகுந்தது. இயந்திரங்கள் வலுவிழக்க, விமானம் கடலில் விழுந்தது. அதிலிருந்த 72 பேரில் 62 பேர் மாண்டனர். அன்று அந்த வானத்தில் பறந்தவை, பூங்காவில் விடப்பட்ட அந்தச் சில பத்துப் பறவைகளின் வழித்தோன்றல்களே! விமானத்தில் கிடைத்த இறகுகளைக் கொண்டு பறவையின் இனத்தை அடையாளம் காட்டியவர் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ராக்சி லேபோர்ன் அம்மையார். இன்று உலகெங்கும் மோதிய பறவையின் இறகையும் குருதிக் கறையையும் ஆய்ந்து இனங்காணும் துறைக்கு அவரே தாய். இனம் தெரிந்தால் அது எதைத் தின்னும், எங்கே தங்கும், எந்நேரம் பறக்கும் என்பதும் தெரிந்துவிடும். தடுப்பு வேலை அங்கேதான் தொடங்குகிறது.

தொடக்கத்தில் விமான நிலையங்கள் கையாண்டவை பெரும்பாலும் அச்சுறுத்தும் வழிகளே. துப்பாக்கி, வெடி, எரிவாயுப் பீரங்கி ஆகியவை எங்கும் இருந்தன. ஸ்காட்லாந்தின் கடற்படை விமானத்தளம் ஒன்றில் 1940களின் இறுதியில் வல்லூறுகளைப் பழக்கிப் பறக்கவிட்டனர். 1954இல் ஹியூபர்ட் பிரிங்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர், துன்புறும் ஸ்டார்லிங்கின் அலறலைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்து கூட்டத்தைக் கலைத்துக் காட்டினார். 1999இல் புளோரிடாவின் விமான நிலையம் ஒன்று ஆட்டுமந்தை மேய்க்கும் நாயைப் பணியில் அமர்த்தியது. இவையெல்லாம் பயன் தருவனவே. ஆனால் வெடிச்சத்தம் நாள்தோறும் கேட்டால் காகத்திற்கு அதுவும் பழகிவிடும். வகுப்பில் ஓயாமல் அதட்டும் ஆசிரியரின் நிலையும் இதுதான்!

ஆகவே, பறவை ஏன் ஓடுபாதைக்கு வருகிறது என்ற வினாவை ஆய்வாளர்கள் எழுப்பினர். விமான நிலையம் பரந்த வெளி, வேட்டையாடுவார் இல்லை, வெட்டுக்கிளியும் மண்புழுவும் நிறைந்த புல்தரை உண்டு. மழை பெய்தபின் மண்புழுக்கள் தார்ச்சாலையில் ஊர்ந்து வருவதை நம் பிள்ளைகள் பள்ளித் திடலோரத்தில் பார்த்திருப்பார்கள். ஓடுபாதையிலும் அவ்வாறே நிகழ்கிறது. பிரிட்டனில் ஆய்ந்தோர், புல்லை 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்திற்கு வளரவிட்டால் கடற்காகமும் ஆள்காட்டியும் இறங்கத் தயங்குகின்றன என்று கண்டனர். இரை கண்ணுக்குத் தெரியாது. எதிரி வருவதும் தெரியாது. ஆனால் இந்த விதியை அப்படியே பெயர்த்து நம் வெப்பமண்டலத்தில் நட்டுவிட முடியாது. இங்கே புல் உயர்ந்தால் எலி பெருகும், புல்விதைக்குச் சில்லைகள் வரும், எலியைத் தேடி ஆந்தையும் பருந்தும் வரும். எந்த நாட்டுப் புல்லை எவ்வளவு உயரத்தில் வெட்டுவது என்பதை அந்தந்த நாடே தேடிக் கண்டுகொள்ள வேண்டியதாயிற்று.

நம் விமான நிலையங்களின் வரலாறும் இதனோடு பின்னிக் கிடக்கிறது. கோலாலம்பூரின் பழைய விமான நிலையம் சுங்கை பீசியில் இருந்தது. சுபாங் 1965 ஆகஸ்டு இறுதியில் திறக்கப்பட்டது. 1998 ஜூன் 27ஆம் நாள் சிப்பாங்கில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் எழுந்தது. அது அமைந்த நிலம் தோட்டப்புறம். நம் மக்கள் வாழ்ந்து உழைத்த செம்பனைக் காடுகள். செம்பனைப் பழம் எலிக்குப் பெருவிருந்து. எலியை ஒழிக்க மலேசியத் தோட்டங்கள் கம்பத்தின்மீது மரப்பெட்டி வைத்துக் கூகை ஆந்தைகளை வளர்க்கின்றன. தோட்டத்திற்கு அது நல்ல வேலைக்காரன். அடுத்த வேலிக்கு அப்பால் ஓடுபாதை இருக்குமானால் அதே ஆந்தை இரவு விமானத்திற்கு இடராகிவிடும்! சிப்பாங் நிலையத்தை வடிவமைத்த ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா, ‘காட்டுக்குள் விமான நிலையம், விமான நிலையத்துக்குள் காடு’ என்னும் கருத்தை முன்வைத்தார். கட்டடத்தின் நடுவே கண்ணாடிச் சுவர்களுக்கிடையில் ஒரு துண்டுக் காட்டைப் பயணிகள் காணலாம். அழகிய எண்ணந்தான். ஆயினும் ஓடுபாதையின் ஓரத்தில் பழமரமும் தேங்கிய நீரும் இருக்கக்கூடாது என்பதே பறவைத் தடுப்புப் பணியாளரின் முதற்பாடம்.

இப்பணியில் பாதி வேலிக்கு வெளியே கிடக்கிறது. விமான நிலையத்திலிருந்து 13 கிலோமீட்டர் தொலைவுக்குள் குப்பைமேடு அமையாதிருத்தல் நன்று என அனைத்துலகச் சிவில் விமான நிறுவனம் வழிகாட்டுகிறது. சுபாங்கை நடுவாக வைத்து அவ்வட்டத்தை வரைந்தால் ஷா ஆலமும் பெட்டாலிங் ஜெயாவும் உள்ளே விழும். கிள்ளான் நகரமும் பிரிக்பீல்ட்ஸும் சற்றே வெளியே நிற்கும். காகத்திற்கு அந்த வட்டம் தெரியாது என்பதுதான் சிக்கல். இந்தியாவின் 1937ஆம் ஆண்டு விமான விதிகளுள் 91ஆவது விதி, விமான நிலையத்தின் 10 கிலோமீட்டர் எல்லைக்குள் விலங்கு அறுப்பதையும் குப்பை கொட்டுவதையும் தடை செய்தது. 1980களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் சாலிம் அலி அவர்களின் வழிகாட்டுதலில் இந்திய விமானத்தளங்களை ஆய்ந்தபோது, கழுகையும் பருந்தையும் அங்கு இழுத்து வருவது இறைச்சிக் கழிவும் செத்த மாடுகளும்தாம் என்று தெரிந்தது.

சிலாங்கூர் ஊராட்சி மன்றங்கள் காகங்களைச் சுட்டு வீழ்த்தும் நடவடிக்கைகளைப் பலமுறை மேற்கொண்டுள்ளன. கிள்ளானும் ஷா ஆலமும் அவற்றுள் அடங்கும். சுடுவதை முற்றிலும் தவறென்று நான் சொல்ல வரவில்லை. ஓடுபாதையில் கூட்டமாக அமர்ந்திருக்கும் காகங்களுக்காக 150 உயிர்களைப் பணயம் வைக்க முடியாது. ஆனால் கடைகளின் பின்புறச் சந்தில் மூடியில்லாத குப்பைத்தொட்டி இருக்கும்வரை, சுடப்பட்ட காகத்தின் இடத்தை நிரப்ப மற்றொன்று வந்துகொண்டேதான் இருக்கும். பெற்றோர் சிலர் அமாவாசைப் படையலைப் பற்றியும் கேட்கின்றனர். காகம் தின்று முடிக்கும் ஒரு கைப்பிடிச் சோற்றால் இத்தனை ஆயிரம் காகங்கள் வளர்ந்துவிடவில்லை. தின்னாமல் கிடக்கும் மிச்சத்தை எடுத்துவிட்டால் போதும் என்பதே என் கருத்து.

துப்பாக்கியின் எல்லையை நியூயார்க் மீண்டும் ஒருமுறை கண்டது. 2009 ஜனவரி 15ஆம் நாள் கனடா வாத்துகள் இரு இயந்திரங்களிலும் சிக்க, யுஎஸ் ஏர்வேஸ் விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கியது. 155 பேரும் உயிர் பிழைத்தனர். அதன்பின் நகரைச் சுற்றி வாழ்ந்த வாத்துகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டன. ஆனால் மோதிய வாத்துகளின் இறகை ஸ்மித்சோனியன் ஆய்வாளர்கள் சோதித்தபோது, அவை நகரத்து வாத்துகளல்ல, வடக்கே கனடாவிலிருந்து வலசை வந்தவை என்று தெரியவந்தது. 2024 டிசம்பர் 29ஆம் நாள் தென்கொரியாவின் முவான் விமான நிலையத்தில் 179 பேர் மாண்டனர். விமானம் சக்கரமின்றித் தரையிறங்கி, ஓடுபாதைக்கு அப்பாலிருந்த கான்கிரீட் மேட்டில் மோதியது. அதன் இரு இயந்திரங்களிலும் பைக்கால் கிளுவை என்னும் சிறு வாத்தின் எச்சங்கள் கிடைத்தன. அதுவும் வலசைப் பறவையே.

வலசைப் பறவைகளைக் குப்பைத்தொட்டிக்கு மூடி போட்டுத் தடுக்க இயலாது. அவற்றின் கால அட்டவணையை நாம் கற்றுக்கொள்ள வேண்டும். 1980களில் இஸ்ரேலியப் பறவை ஆய்வாளர் யோசி லெஷெம், நாரையும் கழுகும் எந்த மாதம், எந்த நேரம், எவ்வளவு உயரத்தில் நாட்டைக் கடக்கின்றன என்று வரைந்து விமானப்படைக்குக் கொடுத்தார்; அதன்பின் மோதல்கள் வெகுவாகக் குறைந்தன. நமக்கும் அத்தகைய வானவழி உண்டு. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி தொடங்கி ஏப்ரல்வரை, வடக்கே திரும்பும் தேன்பருந்துகள் சுமத்திராவை ஒட்டிய ரூபாட் தீவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து போர்ட் டிக்சனுக்கு அருகிலுள்ள தஞ்சோங் துவானில் கரை சேருகின்றன. சிப்பாங் விமான நிலையத்திலிருந்து அம்முனை நேர்கோட்டில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டு முதல் அங்கே பருந்து காணும் நிகழ்வை நடத்தி வருகிறது. பிள்ளைகளை அழைத்துச் செல்ல விரும்புவோர் மார்ச்சு மாதத்தில், வெயில் ஏறிய பின், முற்பகல் பதினொரு மணியளவில் கலங்கரை விளக்கத்தருகே இருந்தால் பருந்துகள் கடலிலிருந்து களைத்துத் தாழ வருவதையும், கரையின் வெப்பக்காற்றில் வட்டமிட்டு மீண்டும் உயர ஏறுவதையும் காணலாம். தொப்பியும் தண்ணீரும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.