பால் பாட்டில் ஸ்டெரிலைஸர் வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க ஊர்த் தண்ணியைப் பாருங்க!

காலையில் தீப்பெட்டி ஆபீஸ் வேன் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும். அதற்குள் சோறு பொங்கி, டிபன் பாக்ஸ் கட்டி, கைக்குழந்தையை ஆச்சியிடம் கொடுத்துவிட்டு ஓட வேண்டும். தென்காசி மாவட்டம் திருவேங்கடத்தைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் பல இளம் அம்மாக்களின் காலை இப்படித்தான் விடிகிறது. பகல் முழுக்கக் குழந்தைக்குப் பால் கொடுக்கப்போவது ஆச்சிதான். 'பாட்டிலை வெந்நீர்ல போட்டாங்களா, இல்ல சும்மா அலசிட்டு ஊத்திட்டாங்களா?' என்ற கவலை வேலை செய்யும் இடம் வரைக்கும் கூடவே வரும்.

அந்தக் கவலையோடு போனைத் திறந்தால், ஸ்டெரிலைஸர் விளம்பரம் கண்ணில் படுகிறது. ஒரு பட்டனை அழுத்தினால் கிருமியெல்லாம் காலி என்கிறது. வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். ஆனால், அது எந்த வேலையைச் செய்யும், எந்த வேலையைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு

ஸ்டெரிலைஸர் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. நம் வீட்டு இட்லிக் கொப்பரை மாதிரிதான். கீழே கொஞ்சம் தண்ணீர், அது சூடாகி ஆவியாகும், அந்த ஆவியில் கிருமிகள் சாகும். அவ்வளவுதான்.

பாட்டிலின் உள்ளே ஒட்டியிருக்கும் பால் ஏட்டை அந்த ஆவி எடுத்துவிடாது. சரியாகக் கழுவாத பாட்டிலை உள்ளே வைத்தால், அந்த ஏடு வெந்து இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதற்கு அடியில் கிருமிகள் தப்பிவிடும். அதனால் முதல் வேலை பிரஷ்ஷுக்குத்தான். மெஷினுக்கு இரண்டாவது வேலை.

எது உங்க வீட்டுக்குச் சரிப்படும்?

*கொதிக்கவைப்பது:* செலவே இல்லாத முறை. மூடியுள்ள ஒரு பாத்திரத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். பாட்டில், நிப்பிள், மூடி எல்லாம் தண்ணீரில் முழுசாக முங்க வேண்டும். உள்ளே காற்றுக்குமிழி நிற்கக் கூடாது. தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகு 10 நிமிடம் கணக்கு வையுங்கள். அடியில் ஒரு சின்னத் தட்டைப் போட்டால் பிளாஸ்டிக் அடிப்பாகத்தில் ஒட்டாது. அடிக்கடி கொதித்தால் நிப்பிள் சீக்கிரம் தளர்ந்துவிடும். வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

*எலெக்ட்ரிக் ஸ்டீம்:* சில நிமிடங்களில் வேலையை முடித்துத் தானே ஆஃப் ஆகிவிடும். அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோகும் பயம் இல்லை. வயதானவர்கள் கையாள இதுதான் சுலபம். ஆனால், மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரன்ட் நிறுத்தும் நாளில் இது வெறும் டப்பா. இன்வெர்ட்டரில் ஓட்டலாம் என்று நினைத்தால், பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸை உங்கள் இன்வெர்ட்டர் தாங்குமா என்று முதலில் பாருங்கள்.

*மைக்ரோவேவ் ஸ்டீம்:* வீட்டில் மைக்ரோவேவ் அவன் இருந்தால் மட்டும் யோசியுங்கள். டப்பா உங்கள் அவனுக்குள் நுழையுமா என்று அளந்து பார்த்து வாங்குங்கள். உலோகம் எதையும் உள்ளே வைக்கக் கூடாது. பாட்டிலை மூடிபோட்டு இறுக்கியும் வைக்கக் கூடாது.

*மாத்திரை அல்லது திரவம் கலந்த தண்ணீர்:* சூடே தேவையில்லை. பயணத்துக்கும் கரன்ட் இல்லாத நேரத்துக்கும் உதவும். குறைந்தது 30 நிமிடம் ஊற வேண்டும். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கரைசலை மாற்ற வேண்டும். உங்கள் ஊர் மருந்துக்கடையில் தொடர்ந்து கிடைக்குமா என்று கேட்டுவிட்டு இதற்கு மாறுங்கள்.

*யு.வி. ஒளி:* விலை கூடுதல். ஒளி படுகிற இடத்தில்தான் வேலை செய்யும். நிப்பிளின் மடிப்பு, மூடியின் மறை போன்ற நிழல் இடங்களில் கோட்டை விடலாம். பட்ஜெட் குறைவு என்றால் இதை யோசிக்கவே வேண்டாம்.

உப்புத் தண்ணியில் ஒரு சிக்கல்

கரிசல் பூமியில் போர் போட்டால் பல இடங்களில் வருவது உப்புத் தண்ணீர்தான். அதில் கொதிக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே படிவு ஸ்டெரிலைஸரின் சூடாகும் தட்டிலும் படியும். படியப் படிய நேரம் கூடும், மெஷினும் சீக்கிரம் கெடும். 'புதுசா வாங்கி ஆறு மாசம்கூட ஆகலையே' என்று புலம்புவதைவிட, ஆரம்பத்திலிருந்தே குடிநீர்க் குழாய்த் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றுங்கள். படிவு தெரிந்தால் வெள்ளை வினிகரோ சிட்ரிக் அமிலமோ கலந்த தண்ணீரில் ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். எவ்வளவு கலக்க வேண்டும் என்பது மெஷினோடு வரும் கையேட்டில் இருக்கும்.

ஆர்.ஓ. தண்ணீரும் கேன் தண்ணீரும் கிருமியே இல்லாத தண்ணீர் அல்ல. குழந்தைக்குக் கொடுப்பதைக் கட்டாயம் கொதிக்கவையுங்கள்.

தினமும் இந்த வரிசை

1. கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள்.
2. குழந்தை குடித்து முடித்ததும் பாட்டிலை முழுசாகக் கழற்றுங்கள். காயவிட்டால் பால் ஒட்டிக்கொள்ளும்.
3. ஸிங்க்கில் போடாமல் தனிக் கிண்ணத்தில், சோப்பு கலந்த சுடுதண்ணீரில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். நிப்பிளை உள்புறம் திருப்பித் தேயுங்கள். அதன் ஓட்டையில் தண்ணீரைப் பீய்ச்சிப் பாருங்கள்.
4. நல்ல தண்ணீரில் அலசி, பாட்டிலின் வாய் கீழே பார்க்கும்படி ஸ்டெரிலைஸரில் அடுக்குங்கள்.
5. முடிந்ததும் உடனே திறக்காதீர்கள், ஆவி சுட்டுவிடும். சில நிமிடம் ஆறட்டும்.
6. துணியால் துடைக்கவே கூடாது. முந்தானையில் ஒரு துடை துடைத்தால் செய்த வேலை மொத்தமும் வீண். ஈரத்தை உதறிவிட்டுப் பூட்டி வையுங்கள்.

பிரஷ்ஷையும் கிண்ணத்தையும்கூடத் தினமும் சுத்தம் செய்யுங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

பவுடர் பால் என்றால் கூடுதல் கவனம்

பாட்டில் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், டப்பாவில் வரும் பால் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. அதனால்தான் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் உள்ள தண்ணீரில் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கொதிக்கவைத்த தண்ணீரை 30 நிமிடத்துக்குள் பயன்படுத்தினால் அந்தச் சூடு இருக்கும். கலந்த பிறகு பாட்டிலைக் குளிர்ந்த தண்ணீரில் பிடித்து ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். 2 மணி நேரத்துக்குள் குடிக்காததைக் கொட்டிவிடுங்கள். 'வீணாப் போகுதே' என்று ஆச்சி எடுத்து வைத்தாலும் சரி, கொட்டிவிடுங்கள்.

பாட்டிலே இல்லாமல் ஒரு வழி

அந்த ஆச்சியிடமே கேட்டுப் பாருங்கள், 'பாலாடை' என்பார். சங்கு மாதிரி மூக்குள்ள சின்னக் கிண்ணம். மறை இல்லை, நிப்பிள் இல்லை, ஒளிந்த மூலை இல்லை. கழுவிக் கொதிக்கவைத்தால் முடிந்தது. பச்சிளங்குழந்தைகள் சிகிச்சைப் பிரிவுகளில் இன்றும் பாலாடையால் பால் புகட்டுகிறார்கள்.

வேலைக்குப் போகும் அம்மா, தாய்ப்பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போனால் ஆச்சி பாலாடையிலேயே கொடுக்கலாம். குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, அது விழுங்க விழுங்கத்தான் ஊற்ற வேண்டும். பீய்ச்சிய பால், 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் 4 மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. உடனே ஃபிரிட்ஜின் உள்பகுதியில் வையுங்கள், 4 நாள் வரை இருக்கும். சூடாக்க வேண்டுமானால் சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள், அடுப்பில் வேண்டாம்.

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்பதே மருத்துவப் பரிந்துரை. நம் நாட்டில் 1992-ம் ஆண்டுச் சட்டப்படி பால் பாட்டிலுக்கு விளம்பரமே செய்யக் கூடாது. பாட்டில் தேவைப்பட்டால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள்.

எத்தனை மாதம் வரைக்கும்?

பிரிட்டனின் அரசு மருத்துவ சேவை, ஒரு வயது வரை கிருமி நீக்கச் சொல்கிறது. நம் தண்ணீரையும் வெயிலையும் பார்த்தால், நாமும் அதையே பின்பற்றுவது நல்லது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால், பால் கொடுப்பதை நிறுத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, சிறுநீர் குறைவது, துவண்டு கிடப்பது, இதில் எது இருந்தாலும் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108.

கடைசியாக ஒன்று. மெஷினைத் தேர்ந்தெடுப்பது நீங்கள், பகலில் அதை இயக்கப்போவது ஆச்சி. வாங்கிய அன்றே அவர் கையாலேயே நாலு தடவை செய்யச் சொல்லிப் பாருங்கள். அவருக்குக் கஷ்டமாக இருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவருக்குப் பழகிய பாத்திரத்தையும் பாலாடையையும் எடுத்து வையுங்கள். நாளைக்கு வேன் ஹாரன் அடிக்கும்போது கொஞ்சம் நிம்மதியாக ஏறலாம்.