முழங்கால் தேய்மானத்துக்கு ஸ்டெம் செல் ஊசி: பலன் எவ்வளவு? விதிகள் கூறுவது என்ன?

முழங்கால் மூட்டுத் தேய்மானத்தால் அவதிப்படுவோருக்கு, அறுவை சிகிச்சைக்கு மாற்றாக ஸ்டெம் செல் ஊசி பரிந்துரைக்கப்படுவது அதிகரித்துள்ளது. தேய்ந்த குருத்தெலும்பை இது மீண்டும் வளரச் செய்யும் என்று விளம்பரங்கள் கூறுகின்றன. ஆனால், இதுவரை வெளியான ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

தானாக ஆறாதது ஏன்?

எலும்புகளின் முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான திசுவே மூட்டுக் குருத்தெலும்பு. இதில் ரத்த நாளங்களோ நரம்புகளோ இல்லை. செல்களும் மிகக் குறைவு. எனவே, தோலில் ஏற்படும் காயம் ஆறுவதுபோல் இதில் ஏற்படும் சேதம் ஆறுவதில்லை.

இரு சிகிச்சைகள்

நோயாளியின் சொந்தக் குருத்தெலும்புச் செல்களை எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, சேதமடைந்த இடத்தில் பொருத்தும் முறையை ஸ்வீடன் மருத்துவர்கள் 1994-ஆம் ஆண்டு வெளியிட்டனர். இந்த வகை சிகிச்சைக்கு இந்திய மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் ஒப்புதல் அளித்தது. இதில் பயன்படுபவை ஸ்டெம் செல்கள் அல்ல. விபத்து போன்ற காரணங்களால் குறிப்பிட்ட ஓரிடத்தில் ஏற்படும் சேதத்துக்கே இது பெரும்பாலும் பொருந்தும்.

ஸ்டெம் செல்கள் எலும்பு மஜ்ஜை, கொழுப்புத் திசு, தொப்புள்கொடி ஆகியவற்றிலிருந்து பெறப்படுகின்றன. மூட்டுக்குள் செலுத்தப்படும் இந்தச் செல்கள், வீக்கத்தைத் தணிக்கும் பொருள்களைச் சுரப்பதன் மூலமே முக்கியமாகச் செயல்படுவதாகக் கருதப்படுகிறது.

ஆய்வு முடிவுகள்

பெங்களூரைச் சேர்ந்த ஸ்டெம்ப்யூடிக்ஸ் நிறுவனம், கொடையாளர்களின் எலும்பு மஜ்ஜையிலிருந்து உருவாக்கிய மருந்துக்கு 2022-இல் ஒப்புதல் பெற்றது. 146 பேரிடம் நடைபெற்ற அதன் மூன்றாம் கட்ட ஆய்வில், ஓராண்டில் வலி குறைந்து மூட்டின் இயக்கம் மேம்பட்டதாகத் தெரிவிக்கப்பட்டது. ஆய்வில் பங்கேற்றவர்கள் 2 மற்றும் 3-ஆம் நிலைத் தேய்மானம் கொண்டவர்கள். இறுதி நிலையான 4-ஆம் நிலையில் இருப்பவர்கள் அல்லர்.

மறுபுறம், அமெரிக்காவில் சுமார் 480 பேரிடம் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வில், செல் அடிப்படையிலான மூன்று வகை ஊசிகளும் வழக்கமான ஸ்டீராய்டு ஊசியைவிட ஓராண்டு முடிவில் கூடுதல் பலன் அளிக்கவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2025-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வும், வலியும் செயல்பாடும் சற்றே மேம்படலாம் என்றும், அதற்கான ஆதாரம் வலுவற்றது என்றும் குறிப்பிட்டது.

விதிகள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் உயிரி தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ரத்தம் சார்ந்த குறிப்பிட்ட நோய்களுக்கான மாற்று சிகிச்சை தவிர, மற்ற ஸ்டெம் செல் பயன்பாடுகள் மருத்துவப் பரிசோதனையாக மட்டுமே நடைபெற வேண்டும். ஆய்வகத்தில் பெருக்கப்பட்ட ஸ்டெம் செல் தயாரிப்புகள் 2019-ஆம் ஆண்டின் விதிகளின்படி புதிய மருந்தாகக் கருதப்படுவதால், விற்பனைக்கு முன் ஒப்புதல் கட்டாயம்.

நோயாளிகள் கேட்க வேண்டியவை

செலுத்தப்படும் மருந்தின் பெயர் என்ன? எந்த நோய்க்கு, எந்த நிலைக்கு அது ஒப்புதல் பெற்றுள்ளது? பரிசோதனை எனில், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் அதன் பதிவு எண் என்ன? இவற்றுக்கு எழுத்துப்பூர்வமாகப் பதில் பெறுவது அவசியம். பரிசோதனையில் உள்ள சிகிச்சைக்குப் பங்கேற்பாளரிடம் கட்டணம் வசூலிப்பதும் நெறிமுறைகளுக்கு முரணானது.

உடல் எடைக் குறைப்பு, தொடை தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி ஆகியவையே மூட்டுத் தேய்மானத்துக்கு முதலில் பரிந்துரைக்கப்படும் வழிமுறைகளாக இன்றும் தொடர்கின்றன.