முத்துப்பேட்டை அலையாத்திக்காடு மீட்புத் திட்டங்கள்

முத்துப்பேட்டை அலையாத்திக்காடு மீட்புத் திட்டங்கள் என்பவை, காவிரிக் கழிமுகத்தின் தென்கோடியில் அமைந்துள்ள முத்துப்பேட்டை கடலோர ஈரநிலத்தைச் சீரமைக்கவும் காக்கவும் மேற்கொள்ளப்பட்ட பணிகளைக் குறிக்கும். இப்பணிகளுக்கு நடுவண் அரசு, தமிழ்நாடு அரசு, பன்னாட்டு நிதி அமைப்புகள் ஆகியவை வெவ்வேறு காலங்களில் நிதியுதவி வழங்கியுள்ளன. இக்கட்டுரை காடு அழிந்த காரணத்தையும், மீட்கப்பட்ட முறையையும், இத்தகைய ஈரநிலங்களுக்கு அரசு நிதி கோரும் நடைமுறையையும் விளக்குகிறது.

அமைவிடம்

முத்துப்பேட்டை திருவாரூர் மாவட்டத்தில் உள்ள ஊர். இதன் தெற்கே பாக்கு நீரிணையை ஒட்டி அலையாத்திக் காடு பரந்துள்ளது. காயல், சேற்றுநிலம், உப்புநிலம் ஆகியவற்றையும் சேர்த்து இதன் பரப்பளவு ஏறத்தாழ 12,000 எக்டேர். பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரக்காக் கோரையாறு முதலிய காவிரியின் கிளையாறுகள் இங்குள்ள காயலில் கலக்கின்றன. காடு முத்துப்பேட்டை, துறைக்காடு, வடகாடு, மறவக்காடு, தாமரங்கோட்டை, பாளஞ்சூர் ஆகிய காப்புக்காடுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இவற்றுள் மேற்கில் உள்ளவை தஞ்சாவூர் மாவட்டக் கடற்கரையை ஒட்டி அமைந்துள்ளன.

காட்டின் பெரும்பகுதி வெண்கண்டல் (அவிசென்னியா மரினா) மரங்களால் ஆனது. தில்லை, நரிக்கண்டல், உமரி ஆகியவையும் காணப்படுகின்றன. இக்காடு, 19 ஆகத்து 2002 அன்று ராம்சர் ஒப்பந்தத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட 38,500 எக்டேர் கோடியக்கரை ஈரநிலத்தின் ஒரு பகுதியாகும். தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தளம் இதுவே. திருவாரூர் மாவட்டத்தின் வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஆகிய பறவைகள் காப்பிடங்கள் 2022இல் இப்பட்டியலில் சேர்ந்தன. அவை ஆற்றுப்பாசன ஏரிகள். முத்துப்பேட்டை கடலோர ஈரநிலம்.

அழிவுக்கான காரணங்கள்

முற்காலத்தில் இக்காட்டின் வருவாயில் ஒரு பகுதி தஞ்சை மராத்திய மன்னர்கள் நிறுவிய சத்திரங்களின் பராமரிப்புக்குச் சென்றது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காடு வனத்துறையின் பொறுப்புக்கு வந்தது. அக்காலத்தில் காட்டைப் பல கூறுகளாகப் பிரித்து, ஆண்டுதோறும் ஒரு கூறை முழுமையாக வெட்டி விறகுக்கு விற்கும் முறை பின்பற்றப்பட்டது. வெட்டிய இடத்தில் காடு தானே மீண்டும் வளரும் என்று எதிர்பார்க்கப்பட்டது.

அவ்வாறு நடக்கவில்லை. மரநிழல் நீங்கியதும் சேற்றில் இருந்த நீர் ஆவியாகி மண் உள்வாங்கியது. நிலம் நடுவில் தாழ்ந்த தொட்டி போன்ற வடிவம் பெற்றது. ஓதத்தின்போது உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தின்போது வெளியேற இயலாமல் தேங்கியது. கோடையில் அந்நீர் வற்றி மண்ணில் உப்பு மிகுந்தது. அளவுக்கு மீறிய உவர்ப்பில் வெண்கண்டலின் நாற்றுகளும் பிழைக்கவில்லை. அழிவுக்கு மக்களின் விறகு வெட்டும் மேய்ச்சலுமே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. நீரோட்டம் தடைப்பட்டதே முதன்மைக் காரணம் என்பதைப் பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின.

நன்னீர் வரத்துக் குறைவும் ஒரு காரணம். 1934இல் மேட்டூர் அணை கட்டப்பட்ட பின் காவிரி நீர் வயல்களுக்கு ஏற்பப் பங்கிடப்படுகிறது. கடைமடையில் உள்ள முத்துப்பேட்டைக்கு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டுமே போதிய நன்னீர் வந்து சேர்கிறது. 1990களில் கடலோரத்தில் பரவிய இறால் பண்ணைகளும் ஈரநிலங்களைப் பாதித்தன. காந்தியவாதி எசு. செகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 திசம்பரில் அளித்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் இறால் குளங்கள் அமைப்பதைத் தடை செய்தது.

மீட்பு முறை

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம். எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1996இல் தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம், ஒடிசா ஆகிய மாநிலங்களில் கடலோர ஈரநிலப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இந்திய–கனடா சுற்றுச்சூழல் நிதியம் இதற்கு நிதி வழங்கியது. மாநில வனத்துறைகளும் ஊர் மக்களும் இதில் பங்கேற்றனர்.

இத்திட்டத்தில் மீன்முள் வடிவ வாய்க்கால் முறை பயன்படுத்தப்பட்டது. ஆறு அல்லது காயலில் இருந்து ஒரு முதன்மை வாய்க்கால் வெட்டப்படும். அதன் இரு புறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் வெட்டப்படும். மேலிருந்து பார்க்கும்போது இது மீனின் முள்ளைப் போலத் தோன்றும். இதன்வழி ஓதநீர் நாள்தோறும் உள்ளே வந்து வெளியேறுவதால் மண்ணின் உவர்ப்புக் குறைகிறது. வாய்க்கால்களின் ஓரம் ஊன்றப்படும் விதைகள் வேர்பிடிக்கின்றன.

முத்துப்பேட்டை மீனவர்களுக்கு வாய்க்கால் புதிதன்று. காட்டினுள் வாய்க்கால் வெட்டி, ஓதத்துடன் வரும் மீன்களைப் பிடிக்கும் வழக்கம் இங்கு நெடுங்காலமாக உண்டு. இவ்வாய்க்கால்களைத் தூர்வாரும் பொறுப்பையும் அவர்களே ஏற்றிருந்தனர். எனவே மீட்புப் பணி அவர்கள் அறிந்த தொழிலின் நீட்சியாக அமைந்தது.

1997இல் சப்பானிய நிதியுதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம், ஊர்தோறும் வனக்குழுக்கள் அமைத்துக் கூட்டு வன மேலாண்மையை விரிவாக்கியது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் உலக வங்கி உதவியுடன் நடந்த மறுகட்டமைப்புத் திட்டத்திலும் கடலோரக் காடு வளர்ப்பு இடம்பெற்றது.

அரசு நிதித் திட்டங்கள்

* நடுவண் அரசு 1980களின் நடுப்பகுதியில் தேசிய ஈரநிலப் பாதுகாப்புத் திட்டத்தையும், அலையாத்திக் காடுகள் மற்றும் பவளப்பாறைகளுக்கான தனித் திட்டத்தையும் தொடங்கியது. இரண்டாவது திட்டத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தளங்களுள் பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் அடங்கும்.
* 2013இல் ஈரநிலத் திட்டமும் ஏரிகள் திட்டமும் இணைக்கப்பட்டு, நீர்ச்சூழல் தொகுதிகள் பாதுகாப்புக்கான தேசியத் திட்டம் உருவாயிற்று. பெரும்பாலான மாநிலங்களுக்கு நடுவண் அரசின் பங்கு 60 விழுக்காடு. எஞ்சிய 40 விழுக்காட்டை மாநில அரசு ஏற்கவேண்டும்.
* ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. காட்டுநிலத்தை வேறு பயன்பாட்டிற்கு எடுப்போர் செலுத்தும் தொகை இந்நிதியில் சேர்கிறது. இதில் 90 விழுக்காடு மாநிலங்களுக்கு உரியது.
* மிசுடி எனப்படும் அலையாத்திக் காடு வளர்ப்புத் திட்டம் 2023–24 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டு, 5 சூன் 2023 அன்று தொடங்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 540 சதுர கிலோமீட்டர் என்பது இதன் இலக்கு.
* தமிழ்நாடு அரசு 2021இல் ஈரநில இயக்கத்தை அறிவித்தது. பசுமைத் தமிழ்நாடு இயக்கம், காலநிலை மாற்ற இயக்கம் ஆகியவை இதன் உடன் இயக்கங்கள்.

நிதி கோரும் நடைமுறை

முதலில் நிலம் யாருடையது என்பது உறுதிசெய்யப்பட வேண்டும். காப்புக்காட்டில் வனத்துறையே பணி செய்யும் உரிமையுடையது. புறம்போக்கு நிலமாயின் வருவாய்த்துறை, ஊராட்சி ஆகியவற்றின் இசைவு தேவை. 2017ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள், காட்டுச் சட்டங்களின் கீழும் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திலும் வரும் ஈரநிலங்களுக்குப் பொருந்துவதில்லை. அவற்றுக்கு அந்தந்தச் சட்டங்களே பொருந்தும்.

அடுத்து மேலாண்மைச் செயல்திட்டம் வரையப்படுகிறது. எல்லை வரைபடம், நிலமட்டம், ஓதநீர் வந்துபோகும் வழி, உவர்ப்பு அளவு, காட்டைச் சார்ந்து வாழும் ஊர்கள், பணிகளின் பட்டியல், ஆண்டுவாரிச் செலவு, கண்காணிப்பு முறை ஆகியவை இதில் இடம்பெறும். மாவட்ட வன அலுவலர் நிலையில் உருவாகும் இத்திட்டம் மாநில வனத்துறைத் தலைமையகம், மாநில அரசின் செயலகம் ஆகியவற்றின் வழியாக நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகத்திற்குச் செல்கிறது. ஒப்புதலுக்குப் பின் நிதி தவணைகளாக விடுவிக்கப்படும். முந்தைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் அளித்தால்தான் அடுத்த தவணை கிடைக்கும்.

தொண்டு நிறுவனமோ ஊர்க்குழுவோ இத்திட்டங்கள் பலவற்றில் நேரடியாக விண்ணப்பிக்க இயலாது. வனக்குழு, ஊராட்சி, உயிரியற் பல்வகைமை மேலாண்மைக் குழு ஆகியவற்றின் தீர்மானங்கள் வழியாகத் தம் தேவையைச் செயல்திட்டத்தில் சேர்க்கச் செய்வதே அவர்களுக்கான வழி. வெளிநாட்டு நிதி பெறும் நிறுவனங்கள் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு அல்லது முன் அனுமதி பெறவேண்டும்.

சிக்கல்கள்

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. வாய்க்கால் வெட்டும் பணியோ நிலம் காய்ந்திருக்கும் கோடையில், பருவமழைக்கு முன் முடியவேண்டும். விதை ஊன்றுவது மழைக்காலத்தில் நடைபெறும். தவணை மழைக்குப் பின் வந்து சேருமாயின் அவ்வாண்டின் நடவுப் பருவம் கடந்துவிடுகிறது.

பராமரிப்பு மற்றொரு சிக்கல். வாய்க்கால்களில் வண்டல் படிந்துகொண்டே இருக்கும். அவ்வப்போது தூர்வாராவிடில் நீரோட்டம் மீண்டும் நின்று, நட்ட காடும் பட்டுப்போகக்கூடும். பெரும்பாலான நிதித் திட்டங்கள் சில ஆண்டுகளுக்கே உரியவை. திட்டக்காலம் முடிந்தபின் தூர்வாரும் செலவை யார் ஏற்பது என்பதைச் செயல்திட்டத்திலேயே குறிப்பிடுவது இதனால் இன்றியமையாதது.

காட்டுக்கு வேண்டிய நன்னீர் காட்டின் எல்லைக்கு வெளியே தீர்மானிக்கப்படுகிறது. ஆறுகளையும் வடிகால்களையும் பொதுப்பணித்துறையும், 2021க்குப் பின் நீர்வளத்துறையும் நிருவகித்து வருகின்றன. ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியுடன் 2014இல் ஒப்புதல் பெற்ற வெண்ணாற்று வடிநிலத் திட்டம் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு முதலியவற்றைச் சீரமைத்தது. இத்தகைய பாசனத் திட்டங்களும் வனத்துறையின் செயல்திட்டமும் தனித்தனியே வரையப்படுவதால், கடைமடை ஈரநிலத்தின் நீர்த்தேவை இரண்டிலும் விடுபட வாய்ப்புண்டு.

கசா புயல்

16 நவம்பர் 2018 அன்று கரையைக் கடந்த கசா புயல் முத்துப்பேட்டைக் காட்டிற்குப் பெரும் சேதம் விளைவித்தது. பரவலாக மரங்கள் முறிந்தன; இலைகள் உதிர்ந்தன. ஓதநீர் வந்துபோகும் வழி திறந்திருந்தால்தான் இத்தகைய இடங்களில் இளங்கன்றுகள் மீண்டும் முளைக்கும். எனவே புயலுக்குப் பிந்தைய மீட்பிலும் நடவுக்கு முன் வாய்க்கால்களைச் சீரமைப்பது முதற்பணியாகிறது.

இவற்றையும் பார்க்கவும்

* பிச்சாவரம்
* கோடியக்கரை
* ராம்சர் ஒப்பந்தம்
* வடுவூர் பறவைகள் காப்பிடம்