ஹவானாவின் சிமெண்ட் பாத்திகள்

ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பிக் கடை நடத்தக் கூடாது என்பது வியாபாரத்தில் அரிச்சுவடிப் பாடம். கியூபா என்ற நாடே கிட்டத்தட்ட முப்பது வருடம் அப்படித்தான் கடை நடத்தியது. சரக்கு: சர்க்கரை. வாடிக்கையாளர்: சோவியத் யூனியன். அதுவும் சந்தை விலையைவிடப் பல மடங்கு அதிகம் கொடுத்து வாங்கிய வாடிக்கையாளர்! பதிலுக்குப் பெட்ரோலியம், ரசாயன உரம், டிராக்டர், கோதுமை எல்லாம் கப்பலில் வந்து இறங்கின. நல்ல நிலத்தில் பெரும்பகுதி கரும்புக்குப் போனது. மக்கள் சாப்பிட்டதில் பாதிக்கு மேல் இறக்குமதி.

1991-ல் அந்த வாடிக்கையாளரே இல்லாமல் போய்விட்டார். 1962-லிருந்து இருந்த வர்த்தகத் தடையை 1992-ல் அமெரிக்கா இன்னும் இறுக்கியது. ரேஷன் அட்டை எல்லோர் கையிலும் இருந்தது, கடையில்தான் சாமான் இல்லை. அடுத்த சில வருடங்களில் கியூபர்கள் சராசரியாக 5 கிலோவுக்கு மேல் எடை இழந்தார்கள். 1992-93-ல் 50,000-க்கும் அதிகமானவர்களுக்குப் பார்வை மங்குவது, கை கால் மரத்துப்போவது என்று ஒரு நோய் பரவியது. பி வைட்டமின் பற்றாக்குறை அதற்கு முக்கியக் காரணம். இந்தக் காலத்துக்கு அரசு வைத்த பெயர் "சமாதான காலத்துச் சிறப்புக் கட்டம்". பட்டினிக்கு எவ்வளவு நாகரிகமான பெயர் பாருங்கள்!

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கிராமத்தில் காய்கறி விளைந்தாலும் ஹவானாவுக்குக் கொண்டு வர லாரிக்கு டீசல் கிடையாது. அரிசியாவது மெதுவாக வரலாம், கீரை வருமா? இருபது லட்சம் பேர் வாழ்ந்த நகரம், தன் கீரையைத் தானே விளைவித்தாக வேண்டிய நிலை.

நகரத்தில் காலி மனைகள் இருந்தன. ஆனால் இடிந்த கட்டடக் கல்லும் காரையும் கிடந்த மண்ணில் என்ன முளைக்கும்? இதற்கு விடை ஏற்கெனவே அங்கே கட்டப்பட்டிருந்தது. மண்ணே இல்லாமல் ரசாயனக் கரைசலில் செடி வளர்க்கும் முறைக்காக நீளமான சிமெண்ட் தொட்டிகள் அமைத்திருந்தார்கள். ரசாயனம் வருவது நின்றதும் தொட்டிகள் சும்மா கிடந்தன. அவற்றில் மண்ணையும் மக்கிய உரத்தையும் நிரப்பிக் காய்கறி போட்டார்கள். முற்றுகை வந்தால் என்ன செய்வது என்று யோசித்து, ராணுவம் 1980-களின் கடைசியிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருந்தது. பழைய முறைக்கு 'ஹைட்ரோபோனிகோ' என்று பெயர் என்பதால் இதை 'ஆர்கனோபோனிகோ' என்றார்கள்.

பிறகு தொட்டிகூடத் தேவைப்படவில்லை. செங்கல், பலகை, உடைந்த ஓடு, கிடைத்ததை வைத்துச் சுற்றுக்கட்டு கட்டி மேட்டுப்பாத்தி போட்டார்கள். அகலம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் நின்று கை எட்டினால் போதும், பாத்திக்குள் யாரும் கால் வைப்பதில்லை. அதனால் மண் இறுகாது, வேர் கீழே இறங்கும், செடிகளை நெருக்கி நடலாம். இலைகள் ஒன்றையொன்று தொட்டு மண்ணை மூடிவிடுவதால் களையும் குறைவு, ஈரமும் சீக்கிரம் போகாது. முள்ளங்கி ஒரு மாதத்தில் கைக்கு வரும். எடுத்த இடத்தில் உடனே அடுத்த நாற்று.

உரத்துக்கு மாட்டுச் சாணம், மண்புழு உரம், சர்க்கரை ஆலைக் கழிவு. (நாட்டைக் கவிழ்த்த கரும்பு இதற்காவது உதவியது!) பூச்சிக்கு வேம்பு. ஆம், நம் வேப்பமரம்தான், அங்கேயும் நட்டு வளர்த்தார்கள். பாத்தி ஓரங்களில் செண்டுமல்லியும் மக்காச்சோளமும். ஒரு சதுர மீட்டருக்கு வருடத்தில் 20 கிலோ என்பது அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு.

இதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் மண்புழுவோடு நின்றுவிடுகிறார்கள். கணக்குப் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. 1993-ல் அரசுப் பண்ணைகள் கூட்டுறவுகளாகப் பிரிக்கப்பட்டன; நிலம் அரசுக்கு, விளைச்சல் உழைப்பவர்களுக்கு. 1994 ஆகஸ்டில் ஹவானா கடற்கரைச் சாலையில் மக்கள் திரண்டு கொந்தளித்தார்கள். அக்டோபரில் விவசாயிகள் சந்தைகள் திறக்கப்பட்டன. பாத்தி வாசலிலேயே ஒரு கடை, லாபத்தில் வேலை செய்பவருக்குப் பங்கு. காலையில் பறித்த கீரை லாரியும் இடைத்தரகரும் இல்லாமல் விற்றது. ஹவானாவின் கிழக்கே அலமார் என்ற அடுக்குமாடிக் குடியிருப்புப் பகுதியில் 1997-ல் ஐந்து பேர் தொடங்கிய தோட்டம், 11 ஹெக்டேரும் நூற்றுக்கு மேற்பட்ட வேலையாட்களுமாக வளர்ந்தது. வெறும் பாத்தி மட்டும் இதைச் செய்திருக்குமா? சந்தேகம்தான்.

ஆனால் "கியூபா இயற்கை விவசாயத்தால் தன்னிறைவு அடைந்தது" என்று சொல்லப்படும் கதை உண்மையில்லை. பாத்தியில் வந்தது கீரை, முள்ளங்கி, வெள்ளரி, தக்காளி. வைட்டமினுக்கு அது பெரிய உதவி. வயிறு நிறைவது அரிசியாலும் பீன்ஸாலும், அவற்றை ஒரு மீட்டர் பாத்தியில் விளைவித்து நாட்டுக்குச் சோறு போட முடியாது. கோதுமை அங்கே விளைவதே இல்லை. 2000-ல் வெனிசுலா எண்ணெய் தர ஒப்புக்கொண்டது. 2002-ல் சர்க்கரை ஆலைகளில் ஏறக்குறைய பாதியை அரசே மூடியது. அப்போதும் உணவில் பெரும்பகுதி வெளியிலிருந்தே வந்தது. பிறகு குழந்தைகளுக்குப் பால் பவுடர் கேட்டு ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்திடம் போனது கியூபா அரசு.