யூடபிள்யூ (பலசாளர முனையம்)
யூடபிள்யூ என்பது 1980களின் நடுப்பகுதியில் மேக்கின்டாஷ் கணினிக்காக எழுதப்பட்ட பலசாளர முனைய மென்பொருள் ஆகும். வீட்டிலிருந்து தொலைபேசி வழியே யுனிக்ஸ் கணினியில் பணிபுரிந்தோருக்குப் பொதுவாக ஓர் இணைப்பில் ஒரு முனையமே கிடைத்தது. பரவலாகப் பயன்பட்ட 1200 பிட்டு மோடம் நொடிக்கு ஏறத்தாழ 120 எழுத்துகளையே கடத்தும். வரிக்கு 80 எழுத்தாக 24 வரிகள் கொண்ட திரை நிரம்ப 16 நொடிகள் ஆகும். ஒரு பணியைப் பின்னணியில் ஓடவிட்டால், அதன் வெளியீடு திருத்திக்கொண்டிருக்கும் பக்கத்தின் நடுவே வந்து விழும்.

யூடபிள்யூ ஒரே இணைப்பில் ஏழு சாளரங்கள் வரை திறக்க உதவியது. யுனிக்ஸ் பக்கத்தில் இயங்கிய நிரல் ஒவ்வொரு சாளரத்துக்கும் தனி அமர்வைத் தொடங்கியது. அனுப்பும் எழுத்துகள் எந்தச் சாளரத்துக்கு உரியவை என்பதைக் கட்டுப்பாட்டு பைட்டுகளால் குறித்தது. மேக்கின்டாஷ் அவற்றைப் பிரித்து உரிய சாளரத்தில் காட்டியது.

இதனால் இணைப்பின் வேகம் கூடவில்லை. இருந்த வேகமே சாளரங்களிடையே பங்கிடப்பட்டது. ஆனால், பயனர் படிக்கும்போதும் யோசிக்கும்போதும் வீணாகக் கிடந்த இணைப்பு மற்றொரு சாளரத்தின் பணிக்குப் பயன்பட்டது. 1987இல் வெளிவந்த ஸ்கிரீன் என்னும் மென்பொருள், வீட்டுக் கணினியில் தனி நிரல் எதுவும் இல்லாமலே, சாதாரண முனையத்தில் பல அமர்வுகளை மாற்றி மாற்றிப் பார்க்க வழிசெய்தது.