ஸ்டீயரிங்ல 'டக்'னு சத்தமா... பழைய பிக்கப் ஓட்டுறவங்க ஷாஃப்ட்டை செக் பண்ணுங்க!

லோடு ஏத்திட்டு வளைவுல திரும்பினா 'டக்'னு ஒரு சத்தம். ஸ்டீயரிங்கை ரெண்டு விரல் அளவு திருப்பியும் சக்கரம் அசைய மாட்டேங்குது. 'பழைய வண்டின்னா ப்ளே இருக்கத்தான் செய்யும்' என்று பலரும் அப்படியே ஓட்டுகிறார்கள். ஆனால், பிரேக் போனால்கூட ஹேண்ட் பிரேக் இருக்கு. ஸ்டீயரிங் ஷாஃப்ட் கழன்றால் கையில் எதுவுமே இல்லை.

ஷாஃப்ட்டோட வேலை என்ன?

நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்புவதை, இன்ஜின் பக்கம் இருக்கும் ஸ்டீயரிங் பாக்ஸுக்குக் கொண்டுபோவது இந்த ஷாஃப்ட்தான். வளைந்து வேலை செய்ய, இதில் யூனிவர்சல் ஜாயின்ட் இருக்கும். மெக்கானிக்குகள் 'கிராஸ்' என்பார்கள். சேறு, தண்ணீர், இன்ஜின் சூட்டில் கிரீஸ் காய்ந்து, உள்ளே இருக்கும் பேரிங் தேயும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை லேசாக இடமும் வலமும் ஆட்டட்டும். நீங்கள் ஜாயின்ட்டைப் பாருங்கள். மேல் பகுதி அசைந்த பிறகு கீழ்ப் பகுதி லேட்டாக அசைந்தால், தேய்ந்தது ஷாஃப்ட். ரெண்டும் ஒண்ணாவே அசையுதா? அப்போ ஸ்டீயரிங் பாக்ஸ், டை ராட் எண்ட் பக்கம் பார்க்கணும்.

மாற்றும்போது கவனிக்க...

* சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டீயரிங் சுற்றாமல் கட்டிவிட வேண்டும். ஏர்பேக் உள்ள வண்டியில் இது ரொம்ப முக்கியம். ஸ்டீயரிங் தனியாகச் சுற்றினால், உள்ளே இருக்கும் ஏர்பேக் ஒயர் அறுந்துவிடும். பேட்டரியையும் கழற்றிவிடுங்கள்.
* கழற்றும் முன் ரெண்டு முனையிலும் பெயின்ட்டால் அடையாளம் வையுங்கள். பல் மாறி மாட்டினால், வண்டி நேரே போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கும்.
* போல்ட், ஷாஃப்ட்டின் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். பழைய போல்ட் வேண்டாம். கம்பெனி சொன்ன டார்க் அளவில் டைட் செய்யச் சொல்லுங்கள்.
* மாடல், வருஷத்தோடு பவர் ஸ்டீயரிங்கா, சாதாரணமா என்பதையும் சொல்லி பார்ட் வாங்குங்கள்.

வெல்டிங் வேண்டவே வேண்டாம்!

'ஒரு பத்த வெச்சா சரியாயிடும்' என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். வெல்டிங் சூட்டில் இரும்பின் உறுதி மாறும். வெளியே தெரியாமல் விரிசல் வளர்ந்து, ஒருநாள் லோடோடு போகும்போது உடையலாம்.

வேலை முடிந்ததும் ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். எங்கேயும் இடிக்காமல், இறுகாமல் வந்தால், ஆளில்லாத ரோட்டில் மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் லோடு ஏத்துங்க!